கழுத்து லைனைத் தொடும் கைகள்

காரைக்குடிப் பக்கத்தில் ஒருவரை ஐ.சி.யு.வில் சேர்த்தால் வெளியே பாதி ஊர் வந்து உட்கார்ந்துவிடும். தேவகோட்டையிலிருந்து சம்பந்தி, பள்ளத்தூரிலிருந்து தங்கை, சென்னையிலிருந்து ராத்திரி ரயிலேறி வந்த மகன். “கண் முழிச்சாரா சிஸ்டர்?”, “கஞ்சி கொடுக்கலாமா?”, “வென்டிலேட்டரை எப்ப எடுப்பாங்க?” என்று வரிசையாகக் கேட்பார்கள். கழுத்தில் போட்டிருக்கிற லைனை எப்போது எடுப்பீர்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எல்லோரும் அதைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஐ.சி.யு., அப்புறம் டயாலிசிஸ் பிரிவு என்று நர்ஸ் வேலையிலேயே என் காலம் போயிருக்கிறது. வந்த நோயிலிருந்து தேறி, நாளைக்கு வார்டுக்கு மாற்றலாம் என்று டாக்டர் சொன்ன நோயாளிக்கு, அன்று ராத்திரி கிடுகிடுவென்று நடுக்கம் வந்து, விடிவதற்குள் பிரஷர் இறங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். ரத்தத்தில் என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்கிற கல்ச்சர் ரிப்போர்ட் வரும்போது, கிருமி உள்ளே போனது லைன் வழியாக என்று தெரியும். இது தலைவிதி இல்லை. பெரும்பாலும் தடுத்துவிடலாம். அதனால்தான் மனசு ஆறுவதில்லை.

கையில் போடுகிற வென்ஃப்ளான் எல்லோருக்கும் தெரியும். நான் சொல்கிற லைன், அதாவது சென்ட்ரல் லைன், அதைவிட நீளம். கழுத்திலோ, காறை எலும்புக்குக் கீழோ, தொடை இடுக்கிலோ உள்ள பெரிய ரத்தக் குழாயில் குத்தி உள்ளே செலுத்துவார்கள். கழுத்தில் போட்டால் அதன் நுனி இதயத்தின் வாசலுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின் போன்ற மருந்துகளைக் கையில் உள்ள சின்னக் குழாய் நெடுநேரம் தாங்காது, புண்ணாகிவிடும். அதனால் சிலருக்கு இந்த லைன் இல்லாமல் முடியாது. உயிர் காக்கிற சாமான்தான். ஆனால் வெளியில் இருக்கிற ஒரு மூடிக்கும் இதயத்துக்கும் நடுவில் தோல் இல்லை, சதை இல்லை, எந்தத் தடுப்பும் இல்லை. அந்த மூடியை ஒருவர் அழுக்குக் கையால் திறந்தால் அந்த அழுக்கு நேரே ரத்தத்துக்குப் போகும்.

கிருமி நுழைய முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, குத்திய இடத்தில் தோலில் இருக்கும் கிருமி குழாயின் வெளிப்புறத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்குவது. லைன் போட்ட முதல் வாரம், பத்து நாளில் இதுதான் அதிகம். இன்னொன்று, மருந்து ஏற்றும் வாய் வழியாகக் குழாய்க்குள்ளேயே போவது. அந்த வாயை நாங்கள் ஹப் என்போம். லைன் நாள்பட இருந்தால் இந்த வழிதான் முந்தும். இது இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டால் நாங்கள் செய்கிற ஒவ்வொரு காரியமும் எதற்காக என்று தானாகப் புரியும்.

லைன் போடும்போது என்ன செய்ய வேண்டும் என்பதில் இன்று பெரிய சந்தேகம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் புரோனோவோஸ்ட் என்ற டாக்டர் 2001இல் ஒரு சின்னப் பட்டியலோடு ஆரம்பித்தார். கையைச் சுத்தம் செய். தொப்பி, மாஸ்க், கவுன், கையுறை போட்டுக்கொண்டு நோயாளியைத் தலை முதல் கால்வரை கிருமி நீக்கிய ஸ்டெரைல் துணியால் (டிரேப்) மூடு. குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி போட்டுத் தோலைச் சுத்தம் செய். முடிந்தவரை தொடை இடுக்கைத் தவிர். தேவை முடிந்ததும் லைனை எடுத்துவிடு. இவ்வளவுதான். மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யு.க்களில் இதைச் செய்து பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். ஆயிரம் லைன் நாளுக்கு (ஒருவருக்கு ஒரு நாள் லைன் இருந்தால் அது ஒரு லைன் நாள்) சராசரியாக 7.7 ஆக இருந்த தொற்று, ஒன்றரை வருஷத்தில் 1.4க்கு வந்திருந்தது. புது மருந்து கிடையாது, புது மெஷின் கிடையாது. எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது வேறொன்று. பட்டியலில் ஒன்று விட்டுப்போனால், “நிறுத்துங்க” என்று டாக்டரிடம் சொல்ல நர்ஸுக்கு அதிகாரம் கொடுத்தார்கள்.

நம் ஊரில் அப்படிச் சொல்வது லேசான காரியமில்லை. ஒரு நாள் ராத்திரி, நடுவில் ஓட்டை உள்ள சின்ன டிரேப் மட்டும் போட்டுக்கொண்டு டியூட்டி டாக்டர் கழுத்தில் லைன் போட உட்கார்ந்துவிட்டார். எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் குரலை உயர்த்தவே இல்லை. “சார், பெரிய டிரேப் எடுத்துட்டேன், ஒரு நிமிஷம்” என்று பிரித்துக் கொடுத்தார். அவரும் வாங்கி விரித்துக்கொண்டார். விஷயம் அதோடு முடிந்தது. அதற்கப்புறம் அவரே டிராலியில் பெரிய டிரேப் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை கழுவப் போவார். தேவையான எல்லாம் ஒரே டிராலியில், கைக்கெட்டுகிற இடத்தில் இருந்தால் பாதிச் சண்டை வராது. கவுனுக்கு ஒரு அலமாரி, டிரேப்புக்கு இன்னொரு அறை என்று வைத்திருக்கும் இடத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் தேடிப் போக மாட்டார்கள்.

தோலைச் சுத்தம் செய்வதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 70 சதவீத ஆல்கஹாலில் 2 சதவீதம் குளோர்ஹெக்ஸிடின் கலந்த மருந்தைத் தேய்த்துத் தடவிவிட்டுக் காய விட வேண்டும். ஏறக்குறைய அரை நிமிஷம் ஆகும். அவசரத்தில் காஸ் துணி எடுத்து ஒற்றித் துடைத்துவிட்டுக் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள். காய்கிற நேரத்தில்தான் மருந்து வேலை செய்கிறது. அந்த மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் போவிடோன் அயோடின் போட்டால் 2 நிமிஷமாவது பொறுக்க வேண்டும். முடி இருந்தால் கத்தரிக்கலாம், சவரம் செய்யக் கூடாது. பிளேடு போடுகிற கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒவ்வொன்றும் கிருமிக்கு இடம். உயிருக்குப் போராடுகிற நேரத்தில், இதெல்லாம் செய்ய அவகாசமில்லாமல் போட்ட லைன் என்றால் அதைக் கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதி வைத்து, 48 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டுப் புதிதாக வேறு இடத்தில் போட வேண்டும். வேறு ஊரில் லைன் போட்டு ஆம்புலன்சில் வருகிற நோயாளிகளுக்கும் நாங்கள் இதைக் கேட்போம்: எப்போது போட்டது, எப்படிப் போட்டது?

ஆனால் லைன் போடுவது அரை மணி நேர வேலை. அதற்கப்புறம் அது கிடக்கிற நாட்களில் எத்தனை பேர் தொடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். காலை ரத்தம் எடுக்க ஒருவர், ஆன்டிபயாட்டிக் போட ஒருவர், டிரிப் மாற்ற ஒருவர், ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது கழற்றிவிட்டுத் திரும்ப மாட்ட ஒருவர். டாக்டர் எவ்வளவு சுத்தமாகப் போட்டிருந்தாலும் மூன்றாம் நாள் ஒரு அவசரக் கை அதை வீணாக்கிவிடும்.

அதனால் ஹப்பைத் திறக்கும் முன் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கையுறை போட்டிருக்கிறேனே என்று சொல்லாதீர்கள். பக்கத்துப் படுக்கையின் கம்பியைத் தொட்ட கையுறை வெறும் கையைவிட மோசம். அப்புறம் ஆல்கஹால் ஸ்வாபால் ஹப்பின் வாயையும் சுற்றுப்புறத்தையும் அழுத்தித் தேய்க்க வேண்டும், 15 விநாடி. புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளிடம் நான் கடிகாரத்தைப் பார்த்துத் தேய்க்கச் சொல்வேன். பேருக்கு ஒரு தடவு தடவினால் மூன்று விநாடிகூட ஆகாது. பதினைந்து விநாடி எவ்வளவு நீளம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். தேய்த்தபின் காய விட்டுத்தான் சிரிஞ்சை மாட்ட வேண்டும். கழற்றிய மூடியைப் படுக்கை மேல் வைத்துவிட்டு அதையே எடுத்துத் திரும்பப் போடுவது கூடவே கூடாது. புது மூடி போட வேண்டும்.

இந்த வேலையில் நான் அதிகமாக வாதாடியது ஒரு சாதாரண 100 மில்லி என்.எஸ். (உப்புக் கரைசல்) பாட்டிலைப் பற்றித்தான். பல ஐ.சி.யு.க்களில் நடப்பது இது. காலையில் ஒரு பாட்டிலைத் திறந்து ரப்பர் மூடியில் ஒரு ஊசியைக் குத்தி அப்படியே விட்டுவிடுவார்கள். மேலே ‘ஃப்ளஷ்’ என்று பிளாஸ்திரியில் எழுதி ஒட்டியிருக்கும். மருந்து போட்டதும் லைனைக் கழுவிவிட யாருக்கு வேண்டுமோ அவர் வந்து அந்த ஊசியில் சிரிஞ்சை மாட்டி இழுத்துக்கொள்வார். ஆறு படுக்கைக்கும் அதே பாட்டில், ராத்திரி வரைக்கும் அதே ஊசி. ஒரு சொட்டு உறைமோர் ஒரு சட்டிப் பாலையும் தயிராக்கிவிடுகிற மாதிரிதான். தயிரையாவது கண்ணால் பார்க்கலாம். இந்தத் தண்ணீர் கடைசிவரை தெளிவாகவே இருக்கும். ஒரே வாரத்தில் இரண்டு மூன்று நோயாளிகளுக்கு ஒரே கிருமி வளர்ந்தால் முதலில் நான் தேடுவது இந்த மாதிரிப் பாட்டிலைத்தான்.

இதற்குப் பரிகாரம் எளிது. ஃப்ளஷ் செய்யச் சின்ன 10 மில்லி ஆம்பூலை உடைத்து, ஒருவருக்கு ஒருமுறை பயன்படுத்திவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். “வீணாகுதே” என்று ஸ்டோரில் கேட்பார்கள். ஒருவருக்கு ரத்தத்தில் தொற்று வந்து, விலை கூடின ஆன்டிபயாட்டிக்கை இரண்டு வாரம் போடுகிற செலவை எழுதிக் காட்டினால் அப்புறம் கேட்க மாட்டார்கள். அதேபோல் டிரிப் ஓடவில்லை என்று பாட்டிலின் அடியில் ஊசி குத்திக் காற்று விடுகிற பழக்கமும் போக வேண்டும். வார்டுக் காற்றில் இருப்பதெல்லாம் அந்த ஓட்டை வழியாக உள்ளே போகிறது. கிளெப்சியெல்லா, என்டரோபாக்டர் மாதிரிக் கிருமிகள் டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) டிரிப்பில் அறைச் சூட்டிலேயே பெருகும். தானாகச் சுருங்கும் மென்மையான பைகளில் வரும் திரவத்துக்குக் காற்றே விடத் தேவையில்லை. வாங்க முடிந்தால் அதை வாங்குங்கள்.

இப்போது டிரெஸ்ஸிங். உள்ளே தெரிகிற கண்ணாடி மாதிரியான டிரெஸ்ஸிங் என்றால் 7 நாளுக்கு ஒருமுறை, காஸ் வைத்தது என்றால் 2 நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஆனால் ஓரம் தூக்கினாலோ, நனைந்தாலோ, உள்ளே ரத்தமோ வியர்வையோ தேங்கினாலோ நாள் கணக்குப் பார்க்காமல் உடனே மாற்ற வேண்டும். சித்திரை, வைகாசியில் நம் பக்கத்து வெயிலில் கழுத்து டிரெஸ்ஸிங் எங்கே ஏழு நாள் நிற்கிறது? கரண்ட் போய் வந்தாலே வியர்த்து ஓரம் பிரிந்துவிடும். அதிகம் வியர்ப்பவர்களுக்கு அந்த மாதங்களில் காஸ் டிரெஸ்ஸிங்கே நல்லது. பிரிந்த ஓரத்தின் மேல் இன்னொரு பிளாஸ்திரியை ஒட்டி மூடிவிட்டுப் போவதை மட்டும் நான் பார்த்தால் விட மாட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போவதுதான் அதில் மிச்சம்.

விபூதி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். குன்றக்குடியிலிருந்தும் பிள்ளையார்பட்டியிலிருந்தும் பிரசாதம் வராத நாளே எங்கள் ஐ.சி.யு.வில் இல்லை. கொப்புடையம்மன் குங்குமமும் வரும். பார்க்க வருகிறவர்கள் நெற்றியில் இட்டுவிட்டு, லைன் போட்ட கழுத்திலும் பாசமாக ஒரு பூச்சுப் பூசிவிடுவார்கள். அவர்களைத் தடுத்துத் திட்டினால் காயப்படுவார்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: “ஆச்சி, முதல்ல இந்த மருந்தைக் கையில தேச்சுக்குங்க. நெத்தியில மட்டும் இடுங்க. மீதியைப் பொட்டலமாத் தலைமாட்டுல வச்சுடலாம்.” யாரும் மறுத்ததில்லை. கழுத்துக்கு எண்ணெய், சந்தனம், பவுடர் எதுவும் வேண்டாம். ஐ.சி.யு. நோயாளிகளைத் தினமும் குளோர்ஹெக்ஸிடின் கலந்த துணியால் உடம்பு துடைப்பதும் இந்தத் தொற்றைக் குறைக்கும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது வேண்டாம்.

ஒருமுறை ஒரு ஆச்சி கேட்டார்: “என்ன ஆத்தா, நாலஞ்சு நாளா ஒரே குழாயே கிடக்கே, புதுசு மாத்த மாட்டீங்களா?” நல்ல எண்ணத்தில் கேட்டதுதான். ஆனால் நாள் ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் சென்ட்ரல் லைனை மாற்றுவதில் பலன் இல்லை. ஒவ்வொரு முறை குத்தும்போதும் புது ஆபத்துத்தான். மாற்றலாமா என்று கேட்பதைவிட, இன்னும் தேவையா என்று கேட்பதுதான் சரி. பிரஷர் மருந்து நின்று, வாயால் சாப்பிடத் தொடங்கி, கையில் வென்ஃப்ளான் போட நரம்பு கிடைக்கிறது என்றால் கழுத்து லைன் எதற்கு? “ரத்தம் எடுக்க வசதியா இருக்கு”, “எதுக்கும் இருக்கட்டும்” இவையெல்லாம் காரணமே இல்லை. காலை ரவுண்ட்ஸில் ஒவ்வொரு படுக்கையிலும் இதைச் சத்தமாகக் கேட்க வேண்டும். டாக்டர் மறந்தால் நர்ஸ் கேட்கட்டும். நர்ஸும் மறந்தால் வெளியே நிற்கிற மகனோ மருமகளோ தயங்காமல் கேட்கட்டும்: “அந்தக் கழுத்து லைன் இன்னும் தேவையா டாக்டர்?” இதைக் கேட்டதற்காகக் கோபப்படுகிற டாக்டரை நான் பார்த்ததில்லை.

டயாலிசிஸ் நோயாளிகள் கதை வேறு. லைனோடு வீட்டுக்குப் போகிறவர்கள் அவர்கள். வாரம் இரண்டு மூன்று முறை வந்து போவார்கள். மீதி நாளெல்லாம் அந்தக் குழாய் வீட்டாரின் பொறுப்பு. தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் எப்படி இருப்பது என்பதுதான் முதல் கவலை. டிரெஸ்ஸிங் நனையவே கூடாது. இடுப்புக்குக் கீழே குளிக்கலாம், மேலே ஈரத்துணியால் துடைக்கலாம், தலையைப் பின்பக்கம் சாய்த்து வேறொருவர் அலசிவிடலாம். ஊருணி, கிணறு, குளம் கிட்டேயே போகக் கூடாது.

கானாடுகாத்தான் பக்கத்து ஐயா ஒருவருக்குக் கழுத்தில் பெர்ம்கேத், அதாவது நாள்பட வைத்திருக்கிற டயாலிசிஸ் குழாய், போட்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் அவருக்கு எழுபது நிறைந்து பீமரத சாந்தி வைத்திருந்தார்கள். சாந்தி என்றால் கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றுவார்களே! பங்காளிகள் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. மகள் என்னிடம் வந்து, “பாலிதீன் பை சுத்திக்கிட்டா ஊத்தலாமா?” என்று கேட்டார். பை சுற்றினாலும் குடம் குடமாக ஊற்றினால் கழுத்து வழியாகத் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். ஆச்சிக்குத் தலையில் ஊற்றுங்கள், ஐயாவுக்கு மாவிலையால் தெளித்துக் கையிலும் காலிலும் விடுங்கள், குருக்களிடம் முன்னாடியே பேசிவிடுங்கள் என்றேன். குருக்கள் ஒரே வார்த்தையில் சரி என்றுவிட்டாராம். முறை கெட்டுவிடுமே என்று வளவில் உட்கார்ந்திருந்த ஒன்றிரண்டு பெரியவர்கள் சடைத்துக்கொண்டார்கள். ஐயாதான், “எனக்கு எண்பதும் பார்க்கணும்” என்று அவர்களைச் சமாதானப்படுத்தினாராம்.

டயாலிசிஸ் குழாயின் சிவப்பு, நீல மூடிகளை டயாலிசிஸ் சிஸ்டர் தவிர யாரும் திறக்கக் கூடாது. வேறு ஆஸ்பத்திரியில் அவசரத்துக்குச் சேர்ந்தால், அதில் டிரிப் போடவோ ரத்தம் எடுக்கவோ வேண்டாம் என்று வீட்டாரே சொல்லிவிடுங்கள். குழாயை மாட்டும்போதும் கழற்றும்போதும் நோயாளியும் மாஸ்க் போட்டுக்கொண்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். கையில் ஃபிஸ்துலா (டயாலிசிஸுக்காக இரண்டு ரத்தக் குழாய்களை இணைக்கிற ஆபரேஷன்) போட டாக்டர் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். அது பழுத்து ஊசி தாங்க வாரக்கணக்கில் ஆகும். “இன்னொரு ஆபரேஷனா?” என்று பயந்து மாதக்கணக்கில் கழுத்துக் குழாயோடு இருப்பவர்களுக்குத்தான் திரும்பத் திரும்பத் தொற்று வருகிறது.

டயாலிசிஸ் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் குளிரெடுத்து நடுங்கினால் குழாயில் கிருமி இருக்கலாம். வீட்டில் நடுங்கினாலும் அப்படித்தான். மார்கழிப் பனி, காற்று ஒத்துக்கவில்லை என்று கம்பளியைப் போர்த்தி ஒரு காய்ச்சல் மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். அன்றே, அப்போதே கிளம்புங்கள். குழாய் நுழையும் இடம் பார்க்கச் சுத்தமாக, சிவக்காமல், சீழில்லாமல் இருந்தாலும் உள்ளே தொற்று இருக்க முடியும். ஆஸ்பத்திரியில் ஆன்டிபயாட்டிக் போடும் முன் கல்ச்சர் எடுக்க வேண்டும். லைனிலிருந்து ஒன்று, கையில் குத்தி ஒன்று, இரண்டிலும் எடுத்த நேரம் எழுதி. லைன் ரத்தத்தில் கிருமி 2 மணி நேரமாவது முந்தி வளர்ந்தால் குற்றவாளி லைன்தான் என்று தெரிந்துவிடும். முதல் ஊசியைப் போட்டுவிட்டுக் கல்ச்சர் எடுத்தால் பல நேரம் எதுவும் வளராது, எந்த மருந்து கேட்கும் என்றும் தெரியாமல் போகும்.

ஐ.சி.யு. பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒன்று. தினமும் ஒரே நேரத்தில், எத்தனை பேருக்கு லைன் இருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். மாதக் கடைசியில் கூட்டினால் அதுதான் லைன் நாட்கள். வந்த தொற்றை அதனால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குங்கள். 500 லைன் நாளில் 2 தொற்று என்றால் ஆயிரத்துக்கு 4. அந்த எண்ணை டாக்டர், நர்ஸ், வார்டு உதவியாளர், துப்புரவு செய்யும் அக்கா எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதி வையுங்கள். யாரையும் கூண்டில் ஏற்றுவதற்கு இல்லை அது. தொற்று வந்தால் அந்த ஒரு லைனை யார் யார் எப்படித் தொட்டோம் என்று உட்கார்ந்து பேச வேண்டும்.

லைனை எடுக்கும்போதும் கவனம் வேண்டும். கழுத்து லைன் என்றால் நோயாளியை உட்கார வைத்து எடுக்கவே கூடாது. காற்று உள்ளே இழுத்துக்கொள்ளும். மட்டமாகப் படுக்க வைத்து, முடிந்தால் தலைமாட்டைச் சற்றுத் தாழ்த்தி, மூச்சைப் பிடிக்கச் சொல்லி எடுக்க வேண்டும். ரத்தம் நிற்கும்வரை, குறைந்தது ஐந்து நிமிஷம், விரலால் அழுத்திப் பிடித்துக் காற்றுப் புகாத டிரெஸ்ஸிங் போட்டு, அரை மணி நேரம் படுத்தே இருக்கச் சொல்லுங்கள். லைன் முழுசாக வந்ததா என்று நுனியைப் பார்த்து எழுதுங்கள். தொற்று என்று சந்தேகம் இல்லாதபோது அந்த நுனியைக் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டாம். அதில் ஏதாவது வளர்ந்துவிட்டால் தேவையில்லாத ஆன்டிபயாட்டிக்கை ஒரு வாரம் போடும்படி ஆகிவிடும்.